படகுகள் நின்ற பிறகு: சேன்-சிர்க்-லபொபியும் சிற்றூர் மரபு குறித்த வாதங்களும்

சேன்-சிர்க்-லபொபியில் நிரந்தரமாக வாழ்பவர்கள் ஏறத்தாழ 200 பேர். ஆண்டுதோறும் வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்கள் சுமார் 4 லட்சம் பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. தென்மேற்குப் பிரான்சின் கேர்சி வட்டாரத்தில், லோட் ஆற்றுக்கு மேலே 100 மீட்டர் உயரத்தில், சுண்ணாம்புப் பாறையின் விளிம்பில் இந்த ஊர் தொற்றிக்கொண்டு நிற்கிறது. 13-ஆம் நூற்றாண்டுக்கும் 16-ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் எழுந்த வீடுகள், செங்குத்தாகச் சரியும் பழுப்பு ஓட்டுக் கூரைகள், இடித்துத் தள்ளப்பட்ட கோட்டையின் மிச்சம், அரண்போலக் கட்டிய தேவாலயம் ஆகியவை இங்கே உண்டு. பத்துக்கு மேற்பட்ட கட்டடங்கள் அரசின் வரலாற்றுச் சின்னப் பட்டியலில் இடம்பெற்றிருக்கின்றன. 2012-இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக நடந்த வாக்கெடுப்பில் பிரெஞ்சு மக்களுக்கு மிகவும் பிடித்த ஊராக இது தேர்வானது.

இவ்வளவு சிறிய ஊரில் மரபு என்று காக்கப்படுவது எது? அதை யார் தீர்மானிக்கிறார்கள், யாருக்காக? பிரான்சில் இந்தக் கேள்விக்குக் கிட்டத்தட்ட இருநூறு ஆண்டுகளாகப் பதில் சொல்லி வருகிறார்கள். முந்தைய பதில் நழுவவிட்டதைப் பிடிக்கத்தான் ஒவ்வொரு புதிய பதிலும் வந்தது. பிடித்த கையாலேயே அது வேறொன்றை நழுவவும் விட்டது. அந்தப் பதில்களை இந்த ஓர் ஊரில் நின்று பார்த்தால், எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு பலவீனம் கண்ணில் படுகிறது. ஊரைக் கட்டி எழுப்பிய தொழிலும் அந்தத் தொழிலைச் சுமந்த ஆறும் எப்போதும் பின்னணிக்கே தள்ளப்பட்டிருக்கின்றன.

ஆறு சோறு போட்ட காலம்

லோட் வளைந்து வளைந்து ஓடும் ஆறு. கரோன் ஆற்றில் கலந்து, அதன் வழியே போர்தோ துறைமுகத்தைச் சேர்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் பதினான்காம் லூயியின் அமைச்சர் கொல்பேர் இந்த ஆற்றில் படகுப் போக்குவரத்தைச் சீர்படுத்தும் வேலைகளைத் தொடங்கிவைத்தார். 19-ஆம் நூற்றாண்டில் தடுப்பணைகளும் பூட்டு மதகுகளும் பெருகின. காபார் எனப்பட்ட தட்டைப் படகுகளில் கஓர் வட்டாரத்துத் திராட்சை மதுவும் தெகாஸ்வில் சுரங்கத்து நிலக்கரியும் கீழே போயின. உப்பும் மீனும் மேலே வந்தன.

மேலே வரும் படகு தானாக வராது. ஆளோ மாடோ குதிரையோ கரையிலிருந்து கயிறு கட்டி இழுக்க வேண்டும். சேன்-சிர்க்குக்கும் பூஸியேஸ் என்ற ஊருக்கும் இடையே பாறை நேராக நீருக்குள் இறங்குவதால் கால் வைக்க இடமில்லை. அங்கே 1843-க்கும் 1847-க்கும் இடையில் பாறையின் பக்கவாட்டைக் குடைந்து ஒரு பாதை வெட்டினார்கள். கானில் இழுவைப்பாதை என்று அதற்குப் பெயர். தலைக்கு மேல் பாறைக் கூரை, ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் திறந்த வெளியும் ஆறும். அரைச் சுரங்கம் என்று சொன்னால் பொருந்தும்.

மேலே ஊருக்குள் நடந்த தொழிலும் இதே ஆற்றை நம்பியிருந்தது. தோல் பதனிடுவோர், செம்புப் பாத்திரம் செய்வோர் இருந்ததைத் தெருப்பெயர்கள் இன்றும் சொல்கின்றன. ஆனால் ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது மரக் கடைசல். சுண்ணாம்பு மேட்டில் தானாக வளரும் புயீ என்ற குறுமரம் மிக மெல்ல வளர்வது. அதனால் கட்டை இறுகியிருக்கும், எளிதில் பிளக்காது. இந்தக் கட்டையில் மதுப் பீப்பாய்களுக்கான குழாய்களைக் கடைந்தார்கள். வேலை சின்னதாகத் தோன்றும், ஆனால் கறாரானது. கட்டையின் நடுவே நீளவாக்கில் ஒரு துளை. அதற்குக் குறுக்கே, கீழே குறுகிப் போகும் இன்னொரு துளை. அந்தக் குறுக்குத் துளையில் அதே சரிவோடு கடைந்த திருகு உட்கார வேண்டும். திருகின் உடம்பிலும் ஓர் ஓட்டை இருக்கும். அது நீளத் துளையோடு நேர்ப்பட்டால் மது ஒழுகும், கால் சுற்று திருப்பினால் நிற்கும். சரிவு மயிரிழை பிசகினாலும் பீப்பாய் இரவெல்லாம் சொட்டிக் காலியாகிவிடும். கீழ்த்தளத்து வளைவு வாசல்களுக்குப் பின்னால், தெருவெளிச்சம் விழும் இடத்தில் கடைசல்காரர்கள் உட்கார்ந்து வேலை செய்தார்கள். இன்று ஒளிப்படம் எடுப்பவர்கள் தேடிப் போகும் வளைவு வாசல்களில் பல இந்தப் பட்டறைகளின் முகப்புகளே.

1870-கள் தொடங்கி ஃபிலாக்செரா என்ற பூச்சி திராட்சைக் கொடிகளின் வேர்களை அழித்தது. மது குறைந்தால் பீப்பாய் குறையும், பீப்பாய் குறைந்தால் குழாய் குறையும். 1886-இல் கஓருக்கும் காப்தனாக்குக்கும் இடையே ஆற்றங்கரையை ஒட்டி ரயில் ஓடத் தொடங்கியது. படகுக்காரர்கள் அதோடு போட்டிபோட முடியவில்லை. 1926-இல் படகு செல்லும் நீர்வழிகளின் பட்டியலிலிருந்தே லோட் நீக்கப்பட்டது. ஆற்றைத் தோற்கடித்த ரயிலும் நிலைக்கவில்லை என்பதைப் போகிறபோக்கில் சொல்லலாம். 1980-இல் பயணிகள் சேவை நின்றது; பின்னர் சில ஆண்டுகள் சுற்றுலா ரயில் ஓடியது; அதுவும் நின்று, தண்டவாளத்தில் புதர் மண்டியது.

ஊர் அழகாக எஞ்சியதற்குக் காரணம் இந்த வீழ்ச்சிதான் என்று பல ஆய்வாளர்கள் சொல்வதை மறுப்பது கடினம். வசதியாக இருந்திருந்தால் 19-ஆம் நூற்றாண்டின் பாணியில் முகப்புகளை மாற்றியிருப்பார்கள், சாளரங்களை அகலப்படுத்தியிருப்பார்கள். இடித்துக் கட்டப் பணமில்லாத ஊரில்தான் இடைக்காலம் தங்கியது.

சின்னங்களின் பட்டியல்

முதல் பதில் அரசுடையது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்து அழிவுகளுக்குப் பிறகு, 1830-இல் வரலாற்றுச் சின்னங்களுக்கான தலைமை ஆய்வாளர் பதவியை அமைச்சர் கிசோ உருவாக்கினார். 1834-இல் அந்தப் பொறுப்புக்கு வந்த எழுத்தாளர் ப்ரோஸ்பெர் மெரிமே நாடெங்கும் சுற்றி, எதைக் காப்பது என்று குறித்தார். 1837-இல் ஆணையம் அமைந்தது. 1840-இல் ஏறத்தாழ ஆயிரம் சின்னங்கள் கொண்ட முதல் பட்டியல் வந்தது. இன்றும் அடிப்படையாக நிற்பது 1913-ஆம் ஆண்டுச் சட்டம்.

இந்தப் பார்வையின் அலகு தனிக் கட்டடம். அது கலை வரலாற்றில் இடம்பெறத் தகுதியாக இருக்க வேண்டும். தேவாலயமும் கோட்டையும் எளிதாகத் தேறும், கடைசல் பட்டறை தேறாது. பட்டறை இருந்த வீட்டுக்குக்கூடத் தகுதி கிடைப்பது அதன் வளைவு வாசலின் வடிவத்துக்காகவே. உள்ளே நடந்த வேலை கணக்கில் வரவில்லை.

கட்டடத்தை எப்படிக் காப்பது என்பதில் இந்த முகாமுக்குள்ளேயே சண்டை இருந்தது. வேஸ்லேயிலும் கார்க்கசோனிலும் பணிபுரிந்த கட்டடக் கலைஞர் வியோலே-லெ-துய்க், சிதைந்ததை அதன் முழுமையான நிலைக்குக் கொண்டுவருவதே சீரமைப்பு என்றார். அந்த முழுமை எந்தக் காலத்திலும் இருந்திராவிட்டாலும் பரவாயில்லை என்பது அவர் கட்சி. இங்கிலாந்தில் கலை விமர்சகர் ரஸ்கின் 1849-இல் இதற்கு நேரெதிராக, சீரமைப்பு என்பதே பொய் என்று எழுதினார். 1903-இல் வியன்னாவின் கலை வரலாற்றாளர் அலோய்ஸ் ரீகல் இந்தச் சண்டையைப் பிரித்துக் காட்டினார். ஒரு பழம்பொருளில் வரலாற்றுச் சான்று என்ற மதிப்பும் உண்டு, வெறுமனே வயதான தோற்றம் தரும் மதிப்பும் உண்டு. ஒன்றைக் காக்கப் போனால் மற்றொன்று சேதப்படும் என்றார். சேன்-சிர்க்கின் கோட்டை இடிபாட்டை நிமிர்த்திக் கட்டாமல் விட்டிருப்பது ரீகலின் இரண்டாம் மதிப்புக்குச் சாதகமான முடிவாகத் தோன்றுகிறது. அதே ஊரின் வீடுகளைச் சீராகப் பழுதுபார்த்து நிறுத்தியிருப்பது அப்படியல்ல. ஒரே ஊர் இரண்டு கோட்பாடுகளிலும் கால் வைத்திருக்கிறது.

பின்னர் 1943-இல் ஒரு திருத்தம் வந்தது. சின்னத்தைச் சுற்றி 500 மீட்டர் வட்டத்துக்குள் எதை மாற்றினாலும் அனுமதி வேண்டும். பெரிய நகரத்தில் இந்த வட்டம் ஒரு பேட்டையைத் தொடும். சின்னங்கள் நெருங்கி நிற்கும் ஒரு பாறை ஊரிலோ வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து மொத்த ஊரையும் மூடிவிடும்.

ஓவியர்கள் கண்ட காட்சி

இரண்டாம் பதில் கண்ணிலிருந்து பிறந்தது. ரயிலும் மிதிவண்டியும் நகரத்து நடுத்தர வர்க்கத்தைக் கிராமப்புறத்துக்குக் கொண்டுவந்தன. 1890-இல் தொடங்கிய பிரெஞ்சுப் பயணிகள் சங்கம் போன்ற அமைப்புகள் இயற்கைக் காட்சிகளைக் காக்க வேண்டும் என்று வாதாடின. 1906-ஆம் ஆண்டுச் சட்டமும் அதை விரிவாக்கிய 1930-ஆம் ஆண்டுச் சட்டமும் தனிக் கட்டடத்தைத் தாண்டி ஓர் இடம் முழுவதையும், பாறை, ஆறு, கூரைவரிசை எல்லாம் சேர்ந்த காட்சியையும் பாதுகாப்பின்கீழ் கொண்டுவந்தன.

சேன்-சிர்க்கில் இந்தப் பதிலைக் கொண்டுவந்தவர்கள் ஓவியர்களும் சேகரிப்பாளர்களும். ஓவியர் ஆன்ரி மார்த்தன் இங்கே வீடு வாங்கினார். சேகரிப்பாளர் ரிக்னோ பாழடைந்த வீடொன்றைச் செப்பனிட்டார். இன்று அது அருங்காட்சியகம். கத்தலோனிய ஓவியர் பியர் தௌரா இங்கே குடியேறினார். காலியாகிக்கொண்டிருந்த ஊரில் கூரைகள் விழாமல் நின்றதில் இவர்களுக்குப் பங்குண்டு என்று உள்ளூர் வரலாறு நன்றியோடு சொல்கிறது. அது நியாயமே.

ஆனால் காட்சியைக் காப்பவர்கள் காட்சிக்குள் வாழ்பவர்களை எப்படிப் பார்த்தார்கள் என்பது தனிக் கதை. தூரத்திலிருந்து வரைந்த படத்தில் துணி காயும் கொடியும் சாணக்குவியலும் இடம்பெறுவதில்லை. காட்சியின் பெயரால் விதிக்கப்படும் விதிகளுக்கும் அந்தச் சாயல் உண்டு. ஓட்டின் நிறம், சாளரப் பலகையின் வண்ணம், கூரைமேல் சூரியத் தகடு வைக்கலாமா கூடாதா என்று அவை நுணுக்கமாகப் பேசும். சாளரத்துக்குப் பின்னால் ஆளிருக்கிறாரா என்று கேட்பதில்லை.

மாமூத்தின் தும்பிக்கை

சர்ரியலிசக் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன் இந்த ஊருக்கு வந்தது 1950 ஜூனில். கஓர் நகரம் அதற்கு முந்தைய ஆண்டுதான் தன்னை உலக நகரமாக அறிவித்துக்கொண்டிருந்தது. எல்லைகளற்ற உலகச் சாலை ஒன்றைத் திறந்துவைக்கும் விழாவுக்காக வந்த பிரெத்தோன், இரவில் வாண வெளிச்சத்தில் இந்த ஊரைக் கண்டார். அடுத்த ஆண்டே படகோட்டிகளின் சத்திரம் என்று பெயர்பெற்ற வீட்டை வாங்கினார். 1966-இல் இறக்கும்வரை கோடைகளைப் பெரும்பாலும் இங்கேதான் கழித்தார். சர்ரியலிஸ்ட் நண்பர்கள் ஆற்றங்கரையில் கூழாங்கல் பொறுக்குவதைப் பெரிய வேலையாகச் செய்தார்கள்.

1952 கோடையில் நடந்த ஒரு சம்பவம் நம் கேள்வியின் நடுப்புள்ளியைத் தொடுகிறது. சேன்-சிர்க்கிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், செலே ஆற்றின் மேல் பெஷ் மெர்ல் குகை இருக்கிறது. 1922-இல் உள்ளூர்ச் சிறுவர்கள் ஊர்ந்து போய்க் கண்டுபிடித்த குகை அது. புள்ளிக் குதிரைகள் வரைந்த அதன் சுவர்கள் தொல்கற்கால ஓவியத்தின் பேர்போன இடங்களில் ஒன்று. அங்கே போன பிரெத்தோன், ஒரு மாமூத்தின் தும்பிக்கைக் கோட்டைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். வண்ணம் ஒட்டிக்கொண்டு வந்தது. பல்லாயிரம் ஆண்டுப் பழமை இப்படியா விரலோடு வரும், இது அண்மையில் வரைந்த போலி என்பது அவர் சந்தேகம். வழிகாட்டியாக நின்றவர் அவர் கையில் தடியால் அடித்தார். கைகலப்பு வழக்காயிற்று, கஓர் நீதிமன்றம் பிரெத்தோனுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. குகைச் சுவரின் ஈரத்தில் வண்ணம் பிடிப்பு இழந்திருப்பது அசாதாரணமல்ல. அந்த ஓவியங்களின் பழமை இன்று ஐயத்துக்கு அப்பாற்பட்டது.

இதை ஒரு கவிஞரின் கிறுக்குத்தனம் என்று ஒதுக்கிவிடலாம். ஒதுக்காமல் பார்த்தால் இரண்டு மரபுக் கொள்கைகள் குகைக்குள் மோதிக்கொண்டது தெரியும். அதிகாரி சொன்னதால் மட்டும் ஒன்றைத் தொன்மையானது என்று ஏற்க மாட்டேன், தொட்டுப் பார்ப்பேன் என்பது ஒன்று. தொட்டால் எவருக்கும் மிஞ்சாது என்பது மற்றொன்று. காப்பு என்ற அளவில் இரண்டாவது வென்றது, வெல்லத்தான் வேண்டும். முதலாவதன் கேள்வி மட்டும் வேறு இடங்களில் உயிரோடிருக்கிறது. பழுதுபார்க்கப்பட்ட இடைக்கால வீட்டில் எத்தனை பங்கு இடைக்காலம் என்பதை யார் சோதிக்க முடியும்?

பிரெத்தோனின் மரபுக்கு நேர்ந்ததும் கவனிக்கத்தக்கது. பாரிசில் அவர் வாழ்ந்த வீட்டின் சேகரிப்பு 2003-இல் ஏலத்துக்கு வந்தபோது அதை மொத்தமாகக் காக்கக் கோரிக் கையெழுத்து இயக்கம் நடந்தது. அரசு முழுச் சேகரிப்பை வாங்கவில்லை. ஒரு சுவர் மட்டும் பொம்பிடு மையத்துக்குப் போனது. மற்றவை 4 கோடி யூரோவுக்கு மேல் விற்றுச் சிதறின. 200 பேர் வாழும் சேன்-சிர்க்கோ அவருடைய கோடை வீட்டைப் பொதுச்சொத்தாக்கி, சர்ரியலிச மையமாகத் திறந்திருக்கிறது. பெரிய அரசு செய்யாததைச் சிறிய ஊர் செய்தது என்று மெச்சலாம். கூடவே ஒன்றையும் குறித்துக்கொள்ளலாம்: அந்த வீட்டின் பெயரிலுள்ள படகோட்டிகளைப் பற்றிப் பேச இப்போது அங்கே கவிஞர் விட்டுவைக்கும் இடம் குறைவு.

உழைப்பை அருங்காட்சியகத்தில் வைப்பது

மூன்றாம் பதில் உழவரும் கைவினைஞரும் மறையத் தொடங்கிய பின் வந்தது. 1964-இல் பண்பாட்டு அமைச்சர் மால்ரோவும் கலை வரலாற்றாளர் ஆந்த்ரே ஷாஸ்தெலும் நாடளாவிய கணக்கெடுப்பைத் தொடங்கினார்கள். பேராலயம் முதல் சின்னக் கரண்டி வரை எல்லாவற்றையும் பதிவுசெய்வது என்று அதன் வீச்சைச் சொல்வதுண்டு. சமூகவியலாளர் ஆன்ரி மாந்த்ராஸ் உழவர்களின் முடிவைப் பற்றிய தம் நூலை வெளியிட்டது 1967-இல். நாட்டார் அருங்காட்சியகங்களின் முன்னோடி ழார்ழ் ஆன்ரி ரிவியேரும் அருங்காட்சியகவியலாளர் யூக் தெ வரீனும் 1970-களில் சூழல் அருங்காட்சியகம் என்ற எண்ணத்தைப் பரப்பினார்கள். லாந்த் காட்டுப் பகுதியின் மார்க்கேஸ், லெ க்ரூசோவின் தொழிற்பேட்டை என்று அது பரவியது. கட்டடத்துக்குள் பொருள்களை அடுக்காமல் ஒரு வட்டாரத்தையே, அதன் மக்களும் கருவிகளும் பேச்சும் உள்ளபடி, அருங்காட்சியகமாகக் கருதுவது இதன் சாரம். மக்களே காப்பாளர்கள் என்றார்கள்.

இந்தப் பதில் வந்ததால்தான் பீப்பாய்க் குழாய் மரபாயிற்று. தெளிவான முன்னேற்றம் அது. கட்டடப் பட்டியல் பார்க்காத கடைசல்காரரை இது பார்த்தது.

பலவீனமும் அங்கேயே இருக்கிறது. மக்களே காப்பாளர்கள் என்றால் மக்கள் இருக்க வேண்டும். பெரும்பாலான ஊர்களில் தொழிலின் கடைசித் தலைமுறை ஓய்வெடுக்கும்போது அருங்காட்சியகம் திறந்தது. கடைசல் இப்போது செய்துகாட்டப்படும் கலை. வாங்குபவருக்குப் பீப்பாய் இல்லை, நினைவுப் பரிசு வேண்டும். திறமை தொடரலாம், ஆனால் அதைச் சோதிக்கும் சொட்டும் பீப்பாய் போய்விட்டது. மூலப்பொருளும் உறுதியில்லை. கிழக்காசியாவிலிருந்து வந்துசேர்ந்த ஓர் அந்துப்பூச்சியின் புழுக்கள் அண்மை ஆண்டுகளில் பிரான்சின் புயீ காடுகளை மொட்டையடித்தன. கேர்சி மேடும் தப்பவில்லை.

எது பதிவாகிறது என்பதிலும் ஒளிந்த தேர்வு இருக்கிறது. 2009-இல் சமூகவியலாளர் நத்தாலி ஹைனிஷ் 1964-இல் தொடங்கிய கணக்கெடுப்பின் ஆய்வாளர்களுடைய அன்றாட வேலையை ஆராய்ந்து எழுதினார். அழகு என்ற அளவுகோல் அதிகாரபூர்வமாக விலக்கப்பட்டிருந்தும் களத்தில் அது அவர்களுடைய முடிவுகளுக்குள் புகுந்துகொண்டே இருந்தது என்பது அவர் காட்டியவற்றுள் ஒன்று. தகரக் கொட்டகையும் சிமெண்ட் பட்டறையும் ஒரு காலத்து உழைப்பின் சான்றுகள்தாம். ஆனாலும் அவற்றைப் பதிவுசெய்யக் கை அவ்வளவாக எழுவதில்லை.

பலகை மாட்டிய ஊர்

நான்காம் பதில் ஊர்களிடமிருந்தே வந்தது. 1982-இல் கொலோன்ழ்-லா-ரூழ் ஊரின் தலைவர் ஷார்ல் செய்ராக், பிரான்சின் மிக அழகிய ஊர்கள் என்ற சங்கத்தைத் தொடங்கினார். முதலில் 66 ஊர்கள். இன்று 180-ஐ ஒட்டி. மக்கள்தொகை 2000-ஐத் தாண்டக் கூடாது, பாதுகாக்கப்பட்ட சின்னமோ இடமோ குறைந்தது இரண்டாவது இருக்க வேண்டும், ஊர் மன்றமே தீர்மானம் போட்டு விண்ணப்பிக்க வேண்டும். அடிப்படையில் இது தற்காப்பு யோசனை: பள்ளியும் அஞ்சலகமும் மூடும் ஊர்களுக்குத் தம் பழமையே முதலீடாகட்டும் என்பது.

சேன்-சிர்க்-லபொபியைப் பொறுத்தவரை யோசனை பலித்தது, கொஞ்சம் அளவுக்கு மீறியே. வாகனங்கள் ஊருக்கு வெளியே கட்டண நிறுத்தங்களில் நிற்கின்றன. கோடை நண்பகலில் முதன்மைத் தெருவில் எதிரெதிரே நடப்பது கடினம். உணவகங்களும் கைவினைக் கடைகளும் வேலை தருகின்றன, ஆனால் பெருமளவு பருவகால வேலை.

விமர்சனம் பல திசைகளிலிருந்து வந்திருக்கிறது. 1992-இல் வரலாற்றாளர் பிரான்சுவாஸ் ஷுவே, மரபு வழிபாடு சமூகம் தன்னையே பார்த்து மயங்கும் கண்ணாடியாகிவிட்டது என்று கடுமையாக எழுதினார். 2017-இல் சமூகவியலாளர்கள் லுக் போல்தான்ஸ்கியும் அர்னோ எஸ்கெரும் வேறு கோணத்தில், தொழிற்சாலைகள் வெளியேறிய நாட்டில் பழமைக்குக் கதை சேர்த்து விலையேற்றுவதே ஒரு பொருளாதாரமாகியிருக்கிறது என்று வாதிட்டார்கள். லோட் ஆற்றின் மேற்பகுதிக்கு வடக்கே, ஓப்ராக் மேட்டிலுள்ள லகியோல் அவர்களுடைய எடுத்துக்காட்டுகளில் ஒன்று. மடக்குக் கத்திக்குப் பேர்போன அந்த ஊர், தன் பெயரையே வெளியாள் ஒருவர் வணிகக் குறியாகப் பதிவுசெய்ததை எதிர்த்து நெடுங்காலம் வழக்காட வேண்டிவந்தது. ஊரின் பெயர் ஊரைவிட விலைபோகும் நிலை வந்தால் என்ன ஆகும் என்பதற்கு அது சான்று.

இந்த விமர்சகர்களிடம் ஒரு குறை உண்டு. பாரிசிலிருந்து பார்க்கும்போது சுற்றுலா சீரழிவாகத் தெரியும். ரயிலும் சுரங்கமும் கடைசலும் போன ஊருக்கு மாற்று வருமானம் என்ன என்பதற்கு அவர்களிடம் பதில் மெலிந்தே இருக்கிறது. செய்ராக்கிடம் குறைபட்ட பதிலாவது இருந்தது.

வாழ்பவர்களின் உரிமை

அண்மைக் காலத்தில் இன்னொரு குரல் கேட்கிறது. ஒலெரான் தீவில் மொரீஸ் என்ற சேவல் விடியலில் கூவுவதை எதிர்த்து அண்டை வீட்டு விடுமுறைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2019-இல் சேவலின் பக்கம் தீர்ப்பாயிற்று. 2021 ஜனவரியில் கிராமப்புறத்தின் ஒலிகளும் மணங்களும் மரபின் பகுதி என்று ஏற்கும் சட்டம் நிறைவேறியது. மரபின் எல்லை கட்டடத்திலிருந்து காட்சிக்கும், காட்சியிலிருந்து உழைப்புக்கும், அங்கிருந்து சாணத்தின் வாசம் வரைக்கும் விரிந்துவிட்டது. வேடிக்கையாகத் தோன்றினாலும் ஊரை வசிப்பிடமாக எண்ணி இயற்றிய சட்டம் என்ற வகையில் இதற்கு எடை உண்டு.

ஆயினும் சட்டம் ஒலியைக் காக்கும். சேவல் வளர்ப்பவரைக் கொண்டுவராது. சேன்-சிர்க் போன்ற ஊர்களில் கணிசமான வீடுகள் இரண்டாம் வீடுகள், அல்லது பருவத்துக்கு வாடகைக்கு விடப்படுபவை. குளிர்காலத்தில் பாறை ஊரின் மையத்தில் விளக்கெரியும் வீடுகள் மிகக் குறைவு. புகழ் வீட்டு விலையை ஏற்றுகிறது. பழுதுபார்க்கும் விதிகள் செலவை ஏற்றுகின்றன. இளம் குடும்பம் வாகனம் போய்வரும் சமதளத்தைத் தேடிப் போகிறது. இதற்கு இந்த ஊர் முயன்ற பதில்களில் ஒன்று பியர் தௌராவின் வீடு. கலைஞர்கள் தங்கி வேலை செய்யும் இல்லமாக அது இயங்குகிறது. படைப்பவர்கள் வருகிறார்கள், சில மாதம் இருக்கிறார்கள், போகிறார்கள். வெறும் கடைத்தெருவைவிட மேல்தான். குடியிருப்பு என்று சொல்ல முடியாது.

தீராமல் நிற்பவை

இந்தப் பதில்களில் எதையும் தவறென்று தள்ள இடமில்லை. 1913-ஆம் ஆண்டுச் சட்டம் இல்லையேல் பேசுவதற்கு ஊரே எஞ்சியிருக்காது. அதேசமயம் ஒவ்வொரு பதிலும் தனக்குரிய மனிதர் போன பிறகே வந்திருக்கிறது. கோட்டை இடிந்த பின் சின்னம் என்றார்கள், கடைசல் நின்ற பின் கைவினை மரபு என்றார்கள். இதை விதியென்று சொல்லத் தயங்க வேண்டும். இன்னும் தொழில் நடக்கும் ஆற்றங்கரை ஊர்களோடு ஒப்பிடாமல் அப்படி முடிவுகட்ட முடியாது. ஆனால் இந்த ஊரின் மட்டில் வரிசை அப்படித்தான் அமைந்திருக்கிறது.

ஆற்றின் கதி இன்னும் தெளிவற்றது. 1990-ஐ ஒட்டி லோட் ஆற்றின் அறுபது கிலோமீட்டருக்கு மேற்பட்ட பகுதியில் பழைய பூட்டு மதகுகளைச் செப்பனிட்டு உல்லாசப் படகுகளுக்குத் திறந்தார்கள். கானில் இழுவைப்பாதையில் இப்போது கயிறு இழுப்பவர் இல்லை, நடைபயணிகள் உண்டு. 1980-களில் சிற்பி தானியேல் மொன்னியே அந்தப் பாறைச் சுவரில் சிப்பியும் மீனும் நீர்ச்சுழியுமாகப் புடைப்புச் சிற்பம் செதுக்கினார். அதை இன்று பழஞ்சிற்பம் என்று எண்ணி நிற்பவர்கள் உண்டு. தொழிற்பாதையின்மேல் கலை ஏறி உட்கார்ந்ததை அழிவென்பதா, அடுத்த அடுக்கென்பதா என்பதில் ஒருமித்த கருத்து உருவாக இன்னும் காலமிருக்கிறது.

மதகுகள் இயங்கக் கோடையில் ஆற்றில் போதிய நீர் வேண்டும். அந்த நீர் மேலே மின்னுற்பத்திக்காகக் கட்டிய அணைகள் திறந்துவிடுவதைப் பொறுத்தது. பாசனமும் குடிநீரும் அதே நீரைக் கேட்கின்றன, கோடைகள் வறண்டுவருகின்றன. கூரை ஓட்டின் நிறத்துக்கு அனுமதி வழங்கும் அலுவலகம் ஒன்று, ஆற்றின் நீர்மட்டத்தைப் பேசும் அலுவலகம் வேறொன்று. ஊரின் மரபு பற்றிய விவாதத்தில் இரண்டும் ஒரே மேசைக்கு வருவது அரிது.